இடைவெளி இல்லாத வட்டம்

அந்தக் கல்லூரியின் பெஞ்சுகளைத் தரையோடு சேர்த்து முடுக்கியவர் யாரோ, அவர் மனிதப் பிறவியையே அடியோடு நம்பாதவராக இருந்திருக்க வேண்டும். கட்டைவிரல் தடிமனில் காலுக்கு ஒரு போல்ட். பூகம்பம் ஒன்று வந்திருந்தால் கட்டடம் சரிந்திருக்கும், மணிக்கூண்டு சாய்ந்திருக்கும், கல்லூரி முதல்வர் நாற்காலியோடு வாசல்வரை உருண்டிருப்பார். பெஞ்சுகள் மட்டும் வரிசை கலையாமல் கரும்பலகையைப் பார்த்தபடி நின்றிருக்கும். அவற்றைக் கழற்றும் பாக்கியம் தச்சருக்கு வாய்த்தது, அவர் மனைவி அங்கே அரசியல் அறிவியல் நடத்தியதால்.

தச்சர் நெட்டை என்றால் அப்படியொரு நெட்டை. அவர் பட்டறையில் ஏணியை யாரும் பார்த்ததில்லை, தேவைப்பட்டதில்லை. சின்ன வயதிலேயே தெரு அவருக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்துவிட்டது. பேச்சு அவருக்கு வராது, மரம்தான் வரும். மழைக்காலம் வந்தால் அவருக்குக் கொண்டாட்டம். நாலு நாள் விடாமல் பெய்தால் ஊரிலுள்ள கதவெல்லாம் வீங்கிக்கொள்ளும். குளியலறைக்குள் மாட்டிக்கொண்ட மாமனார்கள், அலமாரி திறக்காமல் பனியனோடு நிற்கும் மாப்பிள்ளைகள் என்று எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வரும். இழைப்புளியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். கதவின் விளிம்பிலிருந்து மரச்சீவல் சுருள் சுருளாக விழும். அந்த வாசனையை முகர்வதற்காகவே நன்றாக மூடிக்கொண்டிருந்த கதவுகளைக்கூடச் சிலர் கெடுத்துவைத்துக்கொண்டு கூப்பிட்டார்கள் என்று சொல்வார்கள்.

அவருக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. இரண்டு மரம் சேருமிடத்தில் இடைவெளி ஆகாது. தலைமுடி நுழைந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அவர் செய்த பெட்டியைத் தெரியாமல் ஈயோடு மூடிவிட்டால், அந்த ஈ மூச்சுத் திணறிச் செத்துப்போகும்.

அவர் மனைவியை ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும். மதிய வகுப்பு அவருடையது. காலையில் வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்கள் படிக்கிற வகுப்பு. மற்ற ஆசிரியர்கள் புத்தகத்தைத் திறந்து முதல் வரியிலிருந்து வாசிப்பார்கள், மணி அடித்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்துவார்கள், மறுநாள் மீதிப் பாதியிலிருந்து தொடங்குவார்கள். டீச்சருக்கு அது ஆகாது. முதல் நாளே வகுப்பை எழுப்பிக் கேன்டீனுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"இதுதான் நாடு. இங்க யாரோட ஆட்சி நடக்குது?" என்றார்.

எல்லோரும் அடுப்புப் பக்கம் பார்த்தார்கள். அங்கே கையில் கரண்டியோடு நின்றது தச்சரின் அக்கா. கேன்டீன் அவளுடையது. கணவர் போனபின் தம்பி வீட்டோடு இருந்துகொண்டு, காலையில் கல்லூரிக்கு வந்து ரொட்டி, சூப், அவித்த முட்டை, தேநீர் என்று ஊருக்கே படியளந்துகொண்டிருந்தாள்.

"என்ன டீச்சரம்மா, வீட்லதான் எம் மானத்த வாங்குறன்னா இங்கயுமா?" என்றாள்.

"நீங்கதான் ராணி, அண்ணி. கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க. அரசியல் சட்டம் எழுதப் போறோம்."

எழுதினார்கள். வரிசையில் யார் முன்னால், யார் பின்னால், நிற்க முடியாதவருக்கு என்ன ஏற்பாடு, இடைவேளை குறைவாக உள்ளவருக்கு என்ன சலுகை என்று ஒரு வாரம் தொண்டை கிழியக் கத்தி எழுதினார்கள். அக்கா முதல் நாள் பாத்திரம் துடைக்கும் துணியைத் தூக்கி எறிந்தாள். இரண்டாம் நாள் அடுப்பை அணைத்துப் போராட்டம் செய்தாள். வார முடிவில் பார்த்தால் அந்தச் சட்டத்தை அவளைவிடக் கரைத்துக் குடித்தவர் யாருமில்லை. ஒருநாள் முதல்வரே அவசரமாக வந்து தேநீர் கேட்டபோது, "மூணாவது பிரிவு சார். பின்னால போங்க" என்று கரண்டியைக் காட்டினாள். அவரும் போனார். பாடம் அன்றைக்குத்தான் எல்லோருக்கும் புரிந்தது.

அந்த வகுப்பில் எழுத வராதவர் வாயால் பதில் சொல்லலாம். பேச வராதவர் படம் போட்டுக் காட்டலாம். கண்டக்டர் ஒருவர் இருந்தார், அவருக்குத் தெருமுனையிலிருந்து பேசினாலும் வகுப்பில் கேட்கும். அவர் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்ததும் விடைத்தாள்தான். பேக்கரிக்காரர் ஒருவர் விடியுமுன்பே மாவு பிசைந்துவிட்டு வந்து தூங்குவார். முழித்திருக்கும் நேரத்தில் வாயைத் திறக்க மாட்டார். அவரை யாரும் எழுப்பக் கூடாது என்பது வகுப்பின் தீர்மானம். பிறகு கடிகாரம் பழுது பார்ப்பவரின் மகள். சக்கர நாற்காலியில் வருவாள். எதைச் சொன்னாலும் "நான் ஒத்துக்க மாட்டேன்" என்று தொடங்குவாள். அவளுக்கு எதிர்க்கட்சி என்று பெயர் வந்ததில் அவளுக்கே பெருமை.

சிக்கல் அவளிடமிருந்துதான் தொடங்கியது. வரிசைகளுக்கு நடுவே நாற்காலி நுழையாது. முதல் வருடத்திலிருந்தே அவள் கதவோரம், எல்லோருக்கும் பின்னால்.

"எனக்கு இந்த வகுப்புல எல்லாரோட முதுகும் அத்துப்படி மேடம்," என்றாள் ஒருநாள். "எந்த முதுகு எப்ப தூங்கும்னுகூடத் தெரியும். மூஞ்சிதான் யாருது எதுன்னு தெரியல."

டீச்சர் அன்று வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிடவில்லை.

அதே வாரம் அக்கா கேன்டீனிலிருந்து ஒரு செய்தி கொண்டுவந்தாள். அக்காவுக்குத் தெரியாமல் அந்தக் கல்லூரியில் ஒரு எறும்பும் ஊர்ந்ததில்லை.

"திங்கக்கிழமை ஆய்வாளர் வராராம்டா தம்பி. இந்த அரசியல் அறிவியல் எதுக்கு, இத வச்சு யாருக்கு என்ன வேலை கெடைக்குது, மூடிடலாமான்னு பாக்க வராராம். மூடினா இவள வேற ஊர்க் கிளைக்கு மாத்திடுவாங்க. ரயில்ல ஒரு பகல் போகணுமாம்."

தச்சர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். உரித்ததையே மறுபடி உரித்தார்.

"உண்மையா?" என்று மனைவியைக் கேட்டார்.

"ஆமாங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"அவ போனா நீயும் பின்னாடியே போவியா, இல்ல இங்க கதவச் சீவிக்கிட்டு உக்காந்திருப்பியா?" என்றாள் அக்கா. "பட்டறைய என்ன பண்ணுவ? என்னைய என்ன பண்ணுவ? வாயத் தொறந்து சொல்லேன்."

தச்சர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். போகாதே என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. போ என்று சொல்ல மனசு வரவில்லை. கிழங்கு கோலிக்குண்டு அளவுக்கு வந்துவிட்டது.

"அண்ணி, விடுங்க," என்றார் டீச்சர். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "எனக்கு ஒரே ஒரு உதவி வேணும். அந்த ரூம் பெஞ்சையெல்லாம் கழட்டி வட்டமா போட்டுத் தரீங்களா? எல்லாரும் எல்லாரையும் பாக்கற மாதிரி. ஆய்வாளர் வர்ற அன்னைக்காவது அந்தப் பொண்ணு மத்தவங்க மூஞ்சியப் பாக்கட்டும்."

இது தச்சருக்குப் புரிந்த மொழி. கத்தியைக் கீழே வைத்தார்.

முதல்வர் அனுமதி கொடுக்க இழுத்தார். அவர் கெட்டவரில்லை, பயந்தவர். "கழட்டுங்க. ஆனா கழட்டின ஒவ்வொண்ணையும் திருப்பி முடுக்கிடணும். ஆடுற சாமான் இந்தக் கல்லூரியில இருக்கக் கூடாது. போன வருஷம் ஒரு நாற்காலிய முடுக்காம விட்டோம், அது எந்த ஊர்ல இருக்கோ!" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தச்சர் கல்லூரிக்குப் போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. தனியாகத்தான் வேலை செய்தார். யாரையும் பக்கத்தில் விடவில்லை. பழைய போல்ட்டுகள் துருப்பிடித்துத் தரையோடு கல்யாணமே செய்துகொண்டிருந்தன. எண்ணெய் விட்டார், தட்டினார், ஸ்பானரில் குழாயை மாட்டித் தொங்கினார். முதல் போல்ட் கழன்றபோது வந்த சத்தத்தில் மணிக்கூண்டுப் புறாக்கள் எல்லாம் பறந்துபோய் இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பின. பெஞ்சுகளை வட்டமாகப் போட்டார். தரையில் புதிதாகத் துளை போட்டு முடுக்கினார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நேரான பெஞ்சுகளை வட்டமாகப் போட்டால் பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவே முக்கோணமாக ஒரு சந்து விழும். வேறு எவருக்கும் அது சந்து. தச்சருக்கு அது அவமானம். பட்டறைக்குப் போய் நல்ல தேக்குத் துண்டுகளாகப் பார்த்து எடுத்துவந்தார். ஒவ்வொரு சந்துக்கும் அளவெடுத்து, அறுத்து, சீவி, ஆப்பு மாதிரி இறுக்கிப் பொருத்தினார். போல்ட் தலைகள் கண்ணை உறுத்தின. அவற்றைப் பள்ளமாக இறக்கி, மேலே மரத்தக்கை வைத்து அடித்து, தேய்த்து, மெருகு போட்டார். ஒவ்வொரு அடியிலும் ஒரு வார்த்தை இருந்தது. வாயால் சொல்ல முடியாததையெல்லாம் அங்கே அடித்து இறக்கினார். வெளிச்சம் மங்கும் நேரத்தில் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஒரே மரத்தில் கடைந்தெடுத்த மோதிரம் மாதிரி இருந்தது. கருவிப்பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒட்டகக் காலை ஒரு வீச்சு வீசி வட்டத்தைத் தாண்டி வெளியே வந்தார். எதையோ தாண்டினோம் என்பதே அவருக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் கேட்டார். "முடிஞ்சுதா?"

"நாளைக்குப் பாரு."

"சிரிக்கிறான் பாரு," என்றாள் அக்கா. "இவன் பல்ல நான் பாத்தே வருஷமாச்சு."

திங்கள் மதியம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. வானத்தில் எவனோ தொட்டியைக் கவிழ்த்துவிட்டு மறந்துபோயிருந்தான். தச்சர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு மனைவியோடு கல்லூரிக்குப் போனார். வராந்தாவில் தூண் பக்கமாக நின்று பார்க்க ஆசை.

டீச்சர் கதவைத் திறந்தார். நின்றார். முகம் மலர்ந்தது. பிறகு மெல்ல, ஒவ்வொரு இதழாக, வாடியது.

"என்னங்க."

"ம்."

"அழகா இருக்கு. வழி எங்க?"

"எதுக்கு வழி?"

"உள்ள போகறதுக்கு."

தச்சர் பார்த்தார். வட்டத்தை ஒரு சுற்று கண்ணால் வந்தார். இன்னொரு சுற்று வந்தார். நெஞ்சுக்குள் ஏதோ போல்ட் கழன்றது.

"தாண்டிப் போகலாம்ல," என்றார்.

டீச்சரின் கண் கதவோரம் போனது. எதிர்க்கட்சி வழக்கமாக நாற்காலியை நிறுத்தும் இடம். அந்தப் பார்வை போதும். தச்சர் அந்த மழையில் பட்டறைக்கு ஓடினார். கருவிப்பெட்டியை முந்தின நாள் பெருமையோடு கொண்டுபோய் அங்கே வைத்திருந்தார். அவர் ஓடியதைப் பார்த்தவர்கள் ஒரு தென்னைமரமே தெருவில் ஓடுவதாக நினைத்து வழி விட்டார்களாம்.

திரும்பி வந்தபோது நேரம் கடந்துவிட்டது. வகுப்பு கூடிவிட்டது. எல்லோரும் பெஞ்சைத் தாண்டி உள்ளே குதித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆய்வாளரும் வந்துவிட்டார். குள்ளமாக, உருண்டையாக, சிரிப்பு என்பதையே கேள்விப்படாத முகம். பெஞ்சுக்கு வெளியே குடையோடு நின்று அதை மதில் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறுங்க சார், ஏறுங்க, உள்ள எடமிருக்கு, முன்னால போங்க!" என்றார் கண்டக்டர், பழக்க தோஷத்தில். இரண்டு கையாலும் அவரைப் பிடித்து இழுத்தார். கால்சட்டை எங்கோ தையல் விட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது, யாருக்கும் கேட்கவில்லை. முதல்வர் உள்ளே போக வேண்டாமென்று முடிவு செய்து வராந்தாவில் தச்சர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"உங்க வேலையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

தச்சர் தலையாட்டினார்.

"நல்லா முடுக்கியிருக்கீங்க," என்றார் முதல்வர் பரிதாபமாக.

அப்போது எதிர்க்கட்சி வந்தாள். மழை அங்கியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு வந்தாள். வட்டத்தைப் பார்த்து நின்றாள். உள்ளே எல்லோர் முகமும் அவளைப் பார்த்தது. அவள் ஆசைப்பட்ட அத்தனை முகமும்.

மழை மட்டும் பேசியது.

"தூக்கி உள்ள வச்சிடலாம்," என்றார் கண்டக்டர். "நாலு பேர் வாங்க. நாற்காலியோட."

"நான் என்ன பார்சலா அண்ணே?" என்றாள் அவள்.

"பின்ன என்னம்மா பண்ண? பெஞ்சு நகராது, முடுக்கியாச்சு."

டீச்சர் வட்டத்துக்குள் எழுந்து நின்றார். ஆய்வாளருக்காக ஒரு பாடம் தயாரித்து வந்திருந்தார். ஒரு வாரம் கண்முழித்துத் தயாரித்தது. அந்தத் தாள்களை மடித்துப் பெஞ்சுமேல் வைத்தார். தச்சர் தூணைக் கட்டிப்பிடித்தார்.

"இன்னைக்குப் பாடம் மாறுது," என்றார் டீச்சர். "நாம உள்ள இருக்கோம். அவ வெளிய இருக்கா. வழி விடாமக் கட்டியாச்சு. கெட்ட எண்ணத்துல கட்டினதில்ல, ஆசையாத்தான் கட்டியிருக்காங்க. இப்ப என்ன செய்யலாம்?"

"இதுல என்ன கேள்வி மேடம், ஓட்டெடுப்போம்," என்றார் கண்டக்டர். "அவ உள்ள வரணும்கிறவங்க கை தூக்குங்க!"

எல்லாக் கையும் உயர்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த பேக்கரிக்காரரின் கையைப் பக்கத்திலிருந்தவர் தூக்கிப் பிடித்தார். வராந்தாவில் தச்சர் தன் நீளக் கையையும் தூக்கிவிட்டு, கூரையில் இடித்துக்கொண்டு இறக்கினார்.

"ஏகமனதா நெறவேறுது!" என்றார் கண்டக்டர்.

"நான் ஒத்துக்க மாட்டேன்," என்றாள் எதிர்க்கட்சி.

"அட! நீ உள்ள வர்றதுக்கு நீயே எதிர்ப்பா?"

"நான் உள்ள வரலாமா வேணாமான்னு நீங்க ஓட்டு போடறதுக்கு எதிர்ப்பு. இன்னைக்கு எல்லாரும் நல்ல மூட்ல இருக்கீங்க, கை தூக்கிட்டீங்க. நாளைக்கு யாராவது தூக்கலைன்னா நான் வெளியவா? அப்ப எனக்குன்னு இருக்கற இடம் உங்க கையிலயா இருக்கு?"

கண்டக்டர் யோசித்தார். அவர் யோசித்தாலும் சத்தம் கேட்கும். "பஸ்ல எடமிருக்கான்னு பாத்துத்தானே ஏத்தறோம். அதுல என்ன தப்பு?"

"எடமிருக்கான்னு பாக்கறது வேற அண்ணே. ஏத்தலாமான்னு உள்ள இருக்கறவங்களக் கேக்கறது வேற. என்னைக்காவது கேட்டீங்களா? கேட்டிருந்தா உக்காந்திருக்கறவன் ஒருத்தனாவது 'ஏத்து'ன்னு சொல்வானா?"

"சொல்ல மாட்டான்," என்று கண்டக்டர் ஒப்புக்கொண்டார். "வண்டிய எடுன்னுதான் சொல்வான்."

அதற்குப்பின் வகுப்பு ஒரே சந்தைக்கடையாகிவிட்டது. ஓட்டில்லாமல் எதையும் எப்படி முடிவு செய்வது என்றார் ஒருவர். சில விஷயங்களை ஓட்டுக்கே விடக்கூடாது என்றார் இன்னொருவர். அந்தச் சில விஷயங்கள் எவை என்று யார் முடிவு செய்வது, அதற்கு ஓட்டு வேண்டாமா என்று மூன்றாமவர் எழுந்து நின்று கேட்டபோது இரண்டு பேர் கைதட்டினார்கள், நான்கு பேர் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். சத்தம் கேட்டு அக்கா கேன்டீனை அப்படியே போட்டுவிட்டுக் கரண்டியோடு வந்து சேர்ந்தாள்.

"என்னடா நடக்குது?"

"தெரியலக்கா," என்றார் தச்சர்.

"இவ வேலை போச்சா?"

"தெரியலக்கா."

ஆய்வாளர் அதுவரை வாய் திறக்கவில்லை. இப்போது தொண்டையைக் கனைத்தார். "ஒரு சந்தேகம். எனக்கு இதுல ஓட்டு உண்டா?"

"நீங்க இப்பதான் உள்ள வந்தீங்க சார்," என்றாள் எதிர்க்கட்சி. "நான் ரெண்டு வருஷமா இங்க படிக்கறேன். உள்ள எடம் கெடைச்ச உடனே உங்களுக்கு ஓட்டு ஞாபகம் வருது பாருங்க."

முதல்வர் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா கரண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஆய்வாளரின் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. டீச்சர் குறுக்கே வரவில்லை. குறுக்கே வந்து ஒரு சமாதான வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வேலை பிழைத்திருக்குமோ என்னவோ. அவர் அசையாமல் நின்றார். அதைப் பார்த்தபோது தச்சருக்குப் பயம் ஒரு பக்கம், தன் மனைவி என்ற பெருமை ஒரு பக்கம்.

அந்த அமைதியில் ஒரு கரகரத்த குரல் கேட்டது. யாருடையது என்று எல்லோரும் தேடினார்கள். வருடம் முழுக்க ஒரு வார்த்தை பேசாத பேக்கரிக்காரர்.

"அவளால உள்ள வர முடியாது. நம்மளால வெளிய போக முடியும். அப்பறம் என்ன பேச்சு?"

சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார். பெஞ்சுமேல் ஏறினார், அந்தப் பக்கம் குதித்தார். போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூக்கம் பாதியில் விட்டதாம்.

கண்டக்டர் குதித்தார். அடுத்தவர் குதித்தார். சேலை கட்டியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தபடி இறங்கினார்கள். டீச்சரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டினார். வகுப்பு முழுக்க வெளியே வந்து, அவளைச் சுற்றி, சுவரோரமும் கதவோரமுமாக, ஒரு ஒழுங்கும் இல்லாமல் உட்கார்ந்தது. எதிர்க்கட்சி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

உள்ளே ஆய்வாளர் தனியாக நின்றுகொண்டிருந்தார். பெஞ்சில் ஒரு கையை வைத்தார், எட்டிப் பார்த்தார், கால்சட்டையின் நிலைமை ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டார்.

"நான் எப்படி வெளிய வர்றது?" என்றார்.

எதிர்க்கட்சி அவரை நல்ல மரியாதையோடு பார்த்தாள். "ஓட்டெடுக்கலாமா சார்?"

வராந்தாவிலிருந்துதான் முதல் சிரிப்பு வந்தது. முதல்வர். வாயைப் பொத்தினார், விரல் இடுக்கில் சிரிப்பு பீறியது. பிறகு அறையே வெடித்தது. கடைசியாக, வழி தெரியாத ஊருக்கு வந்த விருந்தாளி மாதிரி, ஆய்வாளரின் முகத்திலும் ஒரு சிரிப்பு தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தது.

தச்சர் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். மழை ஈரத்தில் தேக்குத் துண்டுகள் வீங்கி இன்னும் இறுகியிருந்தன. உளியை வைத்து ஓங்கி ஒரு அடி. அவர் வாழ்க்கையில் பொருத்திய மிக நேர்த்தியான மூட்டு அது. இரண்டாவது அடியில் பிளந்தது. தக்கையைத் தோண்டி, போல்ட்டைக் கழற்றி, ஒரு பெஞ்சையே இழுத்து ஓரம் போட்டார். ஆய்வாளர் வெளியே வந்தார். எதிர்க்கட்சி உள்ளே போனாள். எதிரெதிரே கடந்தபோது அவர் அவளுக்கு ஒதுங்கி வழிவிட்டார்.

"நான்தாம்மா செஞ்சேன்," என்றார் தச்சர் அவளிடம். "உனக்காகன்னுதான் செஞ்சேன். உன்னைக் கேக்கல."

"தெரியும் சார். வேற யாரு இவ்வளவு அழகா தப்பு பண்ணுவாங்க?"

ஆய்வாளர் கேன்டீனில் தனக்குமுன் நின்றவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று சூப் வாங்கிக் குடித்தார். அக்கா கேட்டதற்கு, "மேலிடத்துக்கு எழுதறேன்" என்றதோடு சரி. அதன்பின் ஒரு மாதம் வீட்டில் யாருக்கும் சாப்பாடு ருசிக்கவில்லை. டீச்சர் துணிகளை மடித்துவைத்தார், கலைத்தார், மடித்துவைத்தார். ஒருநாள் தச்சர் பட்டறையிலிருந்து புதுப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலருகே வைத்தார்.

"எனக்கா?" என்றார் டீச்சர்.

"நமக்கு. பெருசாவே செஞ்சேன். என் இழைப்புளியும் வைக்கலாம்."

டீச்சர் பெட்டியைத் திறந்து மூடினார். திறந்து மூடினார். அக்காதான் அடுப்படியிலிருந்து, "என் கரண்டிக்கும் எடம் விடுங்கடா" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

போக வேண்டி வரவில்லை. செய்தியை வழக்கம்போல அக்காதான் கொண்டுவந்தாள். தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்ததில் இரண்டு தெரு தள்ளியிருந்தவர்களும் டீச்சருக்கு வாழ்த்துச் சொல்ல வந்துவிட்டார்கள்.

"மூடலையாம்டா! அந்த உருண்டை ஆளு எழுதியிருக்காராம், அந்த விவாதம் இன்னும் முடியல, முடியாத வகுப்ப மூட முடியாதுன்னு! அடுத்த வருஷம் வந்து மிச்சத்தக் கேட்டுட்டுத்தான் முடிவு சொல்வாராம்!"

அடுத்த வருடமும் வந்தார். அதற்கடுத்த வருடமும் வந்தார். விவாதம் முடியவே இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின்னும் ஒருமுறை, சொந்தச் செலவில், கெட்டித் துணியில் கால்சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார் என்று அக்கா சத்தியம் செய்வாள்.

மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு மட்டும் வந்தது. பெஞ்சுகளைப் பழையபடி வரிசையாகப் போட்டு முடுக்கிவிட வேண்டும். தச்சர் மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார். இந்தத் தடவை போகிற வழியில் கடிகாரக் கடை வாசலில் நின்றார்.

"அம்மா, பெஞ்சு போடப் போறேன். உனக்கு எங்க எடம் வேணும்? சொல்லு, அளவெடுத்துக்கறேன்."

எதிர்க்கட்சி பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்தாள். "ஒரே எடமா? நான் ஒத்துக்க மாட்டேன். ஒருநாள் முன்னால, ஒருநாள் ஜன்னலோரம், சண்டை போடற அன்னைக்கு கண்டக்டர் அண்ணனுக்கு நேர் எதிர்ல."

தச்சர் தலையைச் சொறிந்துகொண்டு நடந்தார். வேலை முடிந்ததும் முதல்வர் பார்வையிட வந்தார். பெஞ்சுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு காலடியிலும் தரையோடு ஒட்டிப் பளபளவென்று ஒரு போல்ட் தலை. அவர் குனிந்து ஒன்றைத் தடவிப் பார்த்தார். திருப்தியோடு நிமிர்ந்து, உறுதியைச் சோதிக்கப் பெஞ்சைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார்.

பெஞ்சு அவர் கையோடு வந்தது. போல்ட் தலை அங்கேயே தரையில் நின்றது. தலைதான், அதற்குக் கீழே உடம்பு கிடையாது. அத்தனையையும் ரம்பத்தால் அறுத்துப் பசை போட்டு ஒட்டியிருந்தார் தச்சர்.

முதல்வர் தச்சரைப் பார்த்தார். தச்சர் கூரையைப் பார்த்தார். அது அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"நல்லா முடுக்கியிருக்கீங்க," என்றார் முதல்வர். பெஞ்சைக் கொஞ்சம் இடப்பக்கமாக நகர்த்தி, ஒரு நாற்காலி தாராளமாக நுழையும் அளவுக்கு வழிவிட்டு வைத்துவிட்டு வெளியே போனார்.